தலை சாய்ந்த ஆணிகள்

பாரூர்
20 ஜனவரி 2025

அன்புள்ள அருணா அண்ணிக்கு,

மேகலா எழுதுகிறேன். பொங்கல் முடிந்து நானும் அம்மாவும் என் வீட்டுக்காரரும் சுகமாக இருக்கிறோம். மூக்கண்டப்பள்ளிப் பனியில் நீங்களும் என் அண்ணனும் இருமாமல் தும்மாமல் இருக்கிறீர்களா?

கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிக்காதீர்கள். போனை எடுத்தாலே அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "மிசினுகிட்ட பொம்பளைக்கு இன்னா வேல? வெரலு போனா யாரு குடுப்பா? வேலைய வுட்டுட்டு வூட்ல இருக்கச் சொல்லு" என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. என் விஷயம் இரும்பு விஷயம், படம் போட்டுக் கேட்க வேண்டியது. அதனால் ஓசூர் போகும் காய்கறி வண்டியில் பொருளோடு கடிதத்தையும் வைத்து அனுப்புகிறேன். உங்கள் பதிலையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டாமல் தப்பிக்க முடியாது, பார்த்து எழுதுங்கள்.

எங்கள் மாரியம்மன் கோயில் கதவு அடியில் செல்லரித்துப் போய்விட்டது. வேங்கைப் பலகையில் புதுக் கதவு செய்கிறார்கள். பழைய கதவில் இருப்பது போலவே உலையில் அடித்த ஆணிதான் போட வேண்டும் என்று ஊரில் பேசி முடித்து, தச்சர் மாடசாமி என்னிடம் வந்து சொன்னார். என் வீட்டுக்காரர் கரும்பு டிராக்டர் ஓட்டப் போன பிறகு கொல்லுப்பட்டறை என் கையில்தானே? இதுவரை அரிவாள், கரும்புக் கத்தி தவிர வேறெதையும் என்னை நம்பி யாரும் கொடுத்ததில்லை. வைகாசித் திருவிழாவுக்குள் கதவு நிற்க வேண்டும்.

ஆணிக்குத் தலை அடிக்கும் இரும்புக் கட்டை ஒன்று பட்டறையோடு வந்தது. வட்டமாக ஒரு சிறு குழி, குழிக்குள் ஓர் ஓட்டை. சிவக்கக் காய்ந்த ஆணியை ஓட்டையில் இறக்கி மேல்முனையைச் சுத்தியலால் அடித்தால், இரும்பு அந்தக் குழியில் பரவித் தலையாகிவிடும். நான் எடுத்த முதல் நாளே அது விரிசல் விட்டுவிட்டது. உங்கள் கம்பெனி டூல் ரூமில் அதே போல ஒன்று செய்து தர முடியுமா? பழையதைச் சாக்கில் சுற்றி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
மேகலா


மூக்கண்டப்பள்ளி
2 பிப்ரவரி 2025

அன்பு மேகலாவுக்கு,

உன் கட்டையும் கடிதமும் கூடவே வந்த கத்தரிக்காயும் கிடைத்தன. உன் அண்ணன் கத்தரிக்காயை மட்டும் விசாரித்தார். நாங்கள் நலம். அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உன் பழைய கட்டையை அளந்து பார்த்துச் சிரித்துவிட்டேன். ஓட்டை குழியின் நடுவிலேயே இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. சதுரமாகவும் இல்லை, கொஞ்சம் நீளவாக்கில் இருக்கிறது. செய்தவர் தூக்கக் கலக்கத்தில் செய்திருப்பார் போல. எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டேன். புதுக் கட்டையில் ஓட்டை கச்சிதமாக நடுவில் இருக்கும், நாலு பக்கமும் ஒரே அளவு. எங்கள் சூப்பர்வைசர், அத்திப்பள்ளிக்காரர், ஒரு துண்டு டூல் ஸ்டீலை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஓட்டையை மிஷினில் எடுத்தேன். மேல்முகத்தை மட்டும் கையால் அரம் போட்டேன். கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருப்பதைப் பார். அதுதான் என் கையெழுத்து. கோட்டைப் பார்த்தே யார் அரம் என்று எங்கள் டூல் ரூமில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொரு சந்தோஷம். அசெம்பிளி லைனில் நாள் முழுக்கத் திருகு முடுக்கிக்கொண்டிருந்து, இப்போது டூல் ரூமில் கூடமாட உதவிக்கொண்டிருப்பவளை அரம் போடும் பெஞ்சில் நிரந்தரமாக உட்கார வைக்கப் பேச்சு நடக்கிறது. டூல் ரூம் பெஞ்சில் இதுவரை பெண் யாரும் உட்கார்ந்ததில்லை. கிடைத்துவிட்டால் எனக்கு வேறொன்றும் வேண்டாம். இந்த இடத்தில் அத்தை முகத்தைச் சுளிப்பார்கள் என்று தெரியும். விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன், பத்தும் பத்திரமாக இருக்கின்றன என்று சொல்.

ஆணி எப்படி வந்தது என்று எழுது.

உன் அண்ணி,
அருணா


பாரூர்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து வாய் வலி கூடியிருக்கிறது. "எண்ணிப் பாத்தாளாமா? எண்ணிப் பாக்குற அளவுக்கு அங்க பயம் கீதுன்னு அவளே ஒத்துக்கினா பாரு" என்கிறாள். உங்களை ஜெயிக்க விடமாட்டாள்.

உங்கள் கட்டை தங்கம். ஆணித் தலைகள் வட்டமாக, நிறுத்து வைத்தது போல வந்திருக்கின்றன. ஊரில் பார்த்தவர்கள் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது. அந்தக் கர்வம் மறுநாள் மத்தியானம் வரைதான் நின்றது.

மாடசாமி கூப்பிட்டனுப்பினார். போனால், முதல் பலகை நெடுக விரிந்து கிடக்கிறது. இரண்டாவது பலகையில் சில ஆணிகள் வெண்ணெயில் இறங்குவது போல இறங்கின. அதற்குப் பக்கத்திலேயே அடித்தது பிளந்துவிட்டது. "இன்னாம்மா இது, ஆணி ராசாவாட்டம் கீது, பலக வாயப் பொளந்துகினு நிக்குது" என்றார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது. வேங்கைப் பலகை சும்மா கிடைப்பதா?

ஒரே இரும்பு, ஒரே உலை, ஒரே கட்டை. ஒன்று இறங்குகிறது, ஒன்று பிளக்கிறது. ஏன் அண்ணி? ஆணிகளைப் பரப்பி வைத்து முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், அடுப்பில் குழம்பு தீய்ந்ததுதான் மிச்சம்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
மேகலா


மூக்கண்டப்பள்ளி
23 பிப்ரவரி 2025

அன்பு மேகலாவுக்கு,

எல்லோரும் நலம்தானே? படித்ததும் பதில் எழுதுகிறேன், பாதி கோபத்தில் என்றே வைத்துக்கொள். என் அளவில் தப்பு இருக்க வழியில்லை. துளை போட்டுவிட்டு அடிக்கிறாரா, நேராக அடிக்கிறாரா? துளை சிறியதா? பலகை நன்றாகக் காய்ந்ததா? ஆணி பழையதைவிடத் தடிமனா? மாடசாமியிடம் கேட்டு எழுது.

ஆனால் ஒன்று எனக்கும் உறுத்துகிறது. அந்தப் பழைய கதவு அத்தனை வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்றதே, அது ஏன் பிளக்கவில்லை? அதிலும் இதே மாதிரி ஆணிதானே? பழைய கதவைப் போய் உட்கார்ந்து பார். எனக்காகவும் சேர்த்துப் பார். முடிந்தால் ஒரு பழைய ஆணியைத் தலை கெடாமல் எடுத்து அனுப்பு. லஞ்ச் நேரத்தில்கூட இதே யோசனையாக இருக்கிறது, சாம்பாரை ரசம் என்று நினைத்து ஊற்றிக்கொண்டேன்.

பெஞ்ச் விஷயம் அநேகமாக முடிந்த மாதிரிதான். அடுத்த மாதம் முதல் இருக்கலாம் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

உன் அண்ணி,
அருணா


பாரூர்
9 மார்ச் 2025

என் அருமை அண்ணிக்கு,

சுகம் விசாரிக்கக்கூடப் பொறுமையில்லை, விசாரித்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்துவிட்டேன்!

பழைய கதவைக் கோயில் பின்சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். நீங்கள் சொன்னபடி எதிரே போய் உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் சாய்ந்து நிழல் விழுந்ததும்தான் பார்த்தேன். ஒவ்வொரு ஆணியிலும் தலை நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் அதிகமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது. அதுவும் கதவு முழுக்க ஒரே பக்கம், மேல்நோக்கி. ஒன்றுகூடத் தப்பவில்லை. தூக்கக் கலக்கத்தில் செய்தவரால் அப்படி அடிக்க முடியுமா?

மாடசாமியிடம் சொல்லி, செல்லரித்த அடித்துண்டை அறுத்துப் பிளந்து பார்த்தோம். ஆணியின் முனை ஊசியாக இல்லை, சின்ன உளி போலத் தட்டை. அந்த உளி வாய் மரத்தின் நாருக்குக் குறுக்கே நிற்கிறது. குறுக்கே நின்றால் நாரை வெட்டிக்கொண்டு இறங்கும். நாரோடு நின்றால் ஆப்பு மாதிரி பிளக்கும். நானும் பழையதைப் பார்த்து முனையைத் தட்டையாகத்தான் அடித்தேன், அது எந்தப் பக்கம் திரும்பி இறங்குகிறது என்று யாரும் பார்க்கவில்லை. தலை எல்லாப் பக்கமும் ஒன்றாக இருந்தால், அடிக்க அடிக்க ஆணி திரும்பினாலும் தச்சருக்கு எப்படித் தெரியும்?

அதற்குத்தான் அந்த ஒதுங்கிய ஓட்டை. நீளவாக்கில் இருப்பதால் ஆணி கட்டைக்குள் கண்டபடி போகாது. ஒதுங்கியிருப்பதால் தலை ஒரு பக்கம் சாயும். சாய்ந்த தலையைப் பார்த்தே உள்ளே மறைந்த முனை எப்படி நிற்கிறது என்று சொல்லிவிடலாம். நாம் இருவரும் சேர்ந்து அதைத்தான் 'சரி பண்ணினோம்'.

எனக்குச் சிரிப்பும் வருகிறது, அந்தக் கட்டையைச் செய்த மனிதர் காலில் விழவும் தோன்றுகிறது. பழைய ஆணி ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். அண்ணி, ஓட்டையை மறுபடி ஒதுக்கி ஒரு கட்டை செய்து கொடுங்கள். சீக்கிரம். மாடசாமி எனக்காகக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
மேகலா


பாரூர்
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நலம். அங்கே நலமா என்பதுதான் தெரியவில்லை. போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இப்படி ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னால் அன்றைக்கே பஸ் ஏறி வந்துவிடுவீர்கள் என்று நினைத்தேன்.

உகாதிக்கு அண்ணன் மட்டும் வந்தார். அண்ணி எங்கே என்றால், ஓவர்டைம் என்றார். பண்டிகை நாளிலா என்றால், தக்காளி விலையைப் பேச ஆரம்பித்துவிட்டார். என் அண்ணன் தக்காளி விலை பேசி நான் கேட்டதே இல்லை. போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். தலை ஒதுங்கினதைக் கண்டுபிடித்துச் சொன்னதில் கோபமா? உங்கள் மேல் குறை சொன்னதாக நினைத்திருந்தால் அந்தக் கடிதத்தை உலையில் போட்டுவிடுங்கள்.

ஊரில் சிலர் ஓசூரிலிருந்து போல்ட் நட்டு வாங்கி முடுக்கிவிடலாம் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். பொம்பளை அடித்த ஆணி அப்படித்தான் இருக்கும் என்றும் ஒரு பேச்சு காதில் விழுந்தது. மாடசாமி இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறார். அவருக்காகவாவது ஒரு வரி எழுதுங்கள்.

மேகலா


மூக்கண்டப்பள்ளி
20 ஏப்ரல் 2025

அன்பு மேகலாவுக்கு,

நாங்கள் நலம். வேலை அதிகம், எழுத நேரமில்லை. அதனால் போனில் டைப் செய்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து அனுப்புகிறேன். கோபம் ஒன்றும் இல்லை.

கட்டையை அனுப்பியிருக்கிறேன். ஓட்டை பழையது போலவே ஒதுங்கி, நீளவாக்கில் இருக்கிறது. கம்பெனியில் முடியவில்லை, வீட்டிலேயே துளை போட்டு அரத்தால் தேய்த்து எடுத்தேன். மேல்முகம் கொஞ்சம் கரடாக இருக்கும், பொறுத்துக்கொள்.

பெஞ்ச் விஷயம் தள்ளிப் போயிருக்கிறது. அத்தையிடம் எல்லோரும் நலம் என்று சொல்.

ஆணி பிளக்காமல் இறங்கியதா? அதை மட்டும் உடனே எழுது. அது தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அருணா


பாரூர்
4 மே 2025

என் அண்ணிக்கு,

முதலில் நீங்கள் கேட்டது. இறங்கியது. எல்லாமே இறங்கியது. மாடசாமி ஒவ்வொரு ஆணியாகத் தலையை மேல்நோக்கித் திருப்பி வைத்து அடித்தார், ஒரு பலகையிலும் ஒரு கீறல் இல்லை. "இப்ப ஆணி பேசுதும்மா" என்றார். கதவை நிறுத்தியாயிற்று. போல்ட் நட்டு பேசியவர்களே இப்போது ஆணித் தலை ஏன் கோணலாக இருக்கிறது என்று வந்து கேட்கிறார்கள், நானும் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி எழுதுவது நமக்குள். இப்படி ஒரு கடிதம் எழுதுவதே அம்மாவுக்குத் தெரியாது.

உங்கள் இரண்டு கட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் கட்டையில் அரக் கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. இரண்டாவதில் அதற்கு நேர் எதிர்ப்பக்கம். யார் அரம் என்று கோட்டைப் பார்த்தே சொல்லலாம் என்று நீங்கள்தான் எழுதினீர்கள். வேறு யாரோ செய்தது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஓட்டையின் மூலைகளை அந்த மாதிரி பிடிவாதமாகக் கூராக உங்களைத் தவிர யார் எடுப்பார்கள்? அப்படியென்றால் அரம் இடது கையில் இருந்திருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். உங்கள் பக்கம் இருந்த விளிம்பு அதிகமாகத் தேய்ந்திருக்கிறது. எதிர் விளிம்பில் அரம் தொட்டும் தொடாமலும் போயிருக்கிறது. அரத்தின் நுனியை அழுத்திப் பிடிக்க வேண்டிய மறு கை அழுத்தவில்லை.

அண்ணி, உங்கள் வலது கைக்கு என்ன ஆயிற்று?

சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்ல வேண்டாம். ஆனால் எனக்குக் கோபம். அந்தக் கையை வைத்துக்கொண்டு எனக்கு எதற்கு இந்தக் கட்டையைச் செய்தீர்கள்? முடியாது என்று ஒரு வார்த்தை எழுதக் கூடாதா? பட்டறையில் உட்கார்ந்து அழுதேன், உலைப் புகை என்று அம்மாவிடம் சொன்னேன்.

அழுது முடித்ததும் நானே அரத்தை இடது கையில் பிடித்து, வலது விரல்களை மடக்கிக்கொண்டு தேய்த்துப் பார்த்தேன். நுனி நிற்காமல் ஓடுகிறது. உள்ளங்கையால் அழுத்தினால் வழுக்குகிறது. அதனால் இதோடு இருப்பதை அடித்தேன். வளைந்த பிடி, அடியில் ஒரு சின்ன வாய், அதில் அரத்தின் நுனியைச் செருகித் திருகை முடுக்கிவிடுங்கள். மேலே தோல் சுற்றியிருக்கிறேன். விரலே வேண்டாம், உள்ளங்கையை வைத்தால் போதும். உங்கள் கை அளவு தெரியாது, என் கையைவிடக் கொஞ்சம் பெரிதாக வைத்தேன். இறுக்கினால் திருப்பி அனுப்புங்கள், மாற்றித் தருகிறேன். வளைவு நடுவில் இல்லை என்று மட்டும் குறை சொல்லாதீர்கள், அது வேண்டுமென்றே வைத்தது.

என்றும் உங்கள்,
மேகலா


மூக்கண்டப்பள்ளி
1 ஜூன் 2025

என் கண்ணு மேகலாவுக்கு,

எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். இடது கையால் எழுதுகிறேன், டைப் செய்யப் பிடிக்கவில்லை. நானும் உன் அண்ணனும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

உன் கண்டுபிடிப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போன வாரம்தான் அது நடந்தது. மிஷினில் தூக்கி மாட்டும்போது ஒரு இரும்புச் சட்டம் நழுவி வலது கை மேல் விழுந்தது. ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. நடுவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வலியைவிட, அத்தை சொன்னது நடந்துவிட்டதே என்ற நினைப்புதான் என்னைத் தின்றது. தெரிந்தால் வேலையை விடச் சொல்வார்கள், உன் அண்ணனும் தலையாட்டிவிடுவார் என்று பயம். அவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். பாவம், அதனால்தான் தக்காளி விலை பேசியிருக்கிறார்.

திரும்பிப் போனபோது என்னை ஸ்டோரில் லேபிள் ஒட்ட உட்கார வைத்தார்கள். பெஞ்சுக்கு வேறு ஆள் பார்ப்பதாகப் பேச்சு. எதற்கு அந்தக் கட்டையைச் செய்தீர்கள் என்று கேட்டாய். உன் ஆணி பலகையைப் பிளந்தது எப்படி என்று தெரிந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. இடது கையால் முடியுமா என்று பார்க்கவும் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது. நீ மட்டும் அந்த வேலையைக் கேட்காமல் இருந்திருந்தால் லேபிளே கதி என்று உட்கார்ந்திருப்பேன்.

உன் பிடி அளவெடுத்தது போல உட்கார்ந்தது. வளைவு ஒதுங்கியிருப்பது ஏன் என்று முதலில் புரியவில்லை, அழுத்திப் பார்த்ததும் புரிந்தது, பாரம் உள்ளங்கையின் அடிப்பக்கம் விழுகிறது, விரலுக்குப் போவதில்லை. தினமும் வேலை முடிந்து வந்து தேய்த்தேன். நேற்று முன்தினம் சூப்பர்வைசர் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து, சமமாக எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்தேன். மேலே ஸ்கேலை வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இடையில் ஒளி கசிகிறதா என்று மாற்றி மாற்றிப் பார்த்தார். அப்புறம் தன் கன்னடத்தில் "பரவாகில்ல" என்றார். நாளை திங்கட்கிழமை முதல் பெஞ்சில்தான் எனக்கு வேலை.

உன் பிடியை எல்லோரும் வாங்கிப் பார்த்தார்கள். தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் ராமப்பன் என்று ஒருவர், அவருக்கு வலது கட்டைவிரல் இல்லை. சுத்தியல் பிடிக்க ஒன்று கிடைக்குமா என்று கேட்டார். அவர் கையைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பியிருக்கிறேன். எப்படிச் செய்வாய்? யோசித்து எழுது, நானும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அத்தைக்குப் படித்துக் காட்டு. ஒரு வரியும் விடாதே, விரல் வரும் இடத்தையும் விடாதே. அன்றைக்கு எண்ணிப் பார்த்துச் சொன்னவள் இன்றைக்கு ஒளிக்கக் கூடாது. வேலையை விடு என்று சொன்னால் சொல்லட்டும்.

நான் தேய்த்துக் காட்டிய அந்த இரும்புத் துண்டைக் கேட்டு வாங்கி, இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதை அத்தை கையில் கொடு. நன்றாகத் தடவிப் பார்க்கட்டும். அப்புறம் படி.

உன் அண்ணி,
அருணா